கடலிலிருந்து வந்தவளை எழுப்பக் கூடாது

"காலைல உன்னத் தேடிகினு ரெண்டு பேரு வந்தாங்கோ. வூட்ல இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நைனா இதைச் சொன்னபோது நான் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வலை நிறைய வஞ்சிரம் விழுந்த அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பை அவர் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"யாரு நைனா? எத்தினி மணிக்கு?"

"ஆறு, ஆறே கால் இருக்கும். ஒரு பொம்பள, ஒரு ஆளு. கய்த்துல அட்ட மாட்டிகினு. அந்தப் பொம்பள கையில ஒரு பொட்டி."

பெட்டி என்று காதில் விழுந்ததும் பிரஷ்ஷைக் கடித்தபடி நின்றுவிட்டேன். வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூடத் தோன்றவில்லை. அது தாடை வழியாக வழிந்து பனியனில் விழுந்தது. நைனா பயந்துபோய், "இன்னாமே, இன்னா ஆச்சு?" என்று எழுந்தார். நான் அப்படியே குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் முகத்துக்கு நேராக எத்தனையோ குத்து வாங்கியிருக்கிறேன். ஒன்றும் என்னை இப்படி உட்கார வைத்ததில்லை.

அந்தப் பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் குத்துச்சண்டைக்காரி. திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்து, பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் மணல் மூட்டையைக் குத்தக் கற்றுக்கொண்டு, இந்தியச் சட்டை போட்டு வெளிநாடு போய் வருகிறவள். எங்களை மாதிரி ஆட்களை ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பிடிப்பார்கள். சிறுநீர், சில நாள் ரத்தமும், எடுத்துப் பெட்டியில் வைத்து முத்திரை போட்டுக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எந்த முகவரியில் இருப்போம் என்பதை முன்கூட்டியே செல்போனில் பதிந்து வைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் வந்து, நாம் இல்லை என்றால், அது ஒரு தவறல். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறினால், மருந்தைக் கண்ணால் பார்க்காதவளாக இருந்தாலும் தடை. அதிகம் போனால் இரண்டு வருடம், குறைந்தது ஒரு வருடம்.

எனக்கு அதற்கு முன்பே இரண்டு ஆகியிருந்தது.

இரண்டும் ஜெட் லாக் செய்த வேலை. முதல் தடவை, கிழக்கே ஒரு தேசத்திலிருந்து திரும்பி நேராகப் பயிற்சி முகாமுக்குப் போனேன். எங்களை வேறு விடுதிக்கு மாற்றியிருந்தார்கள். புது முகவரியைப் பதிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே செல்போனை மார்பில் வைத்தபடி தூங்கிப்போனேன். பழைய விடுதி வாசலில் அவர்கள் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். இரண்டாவது தடவை, ஏதோ ஒரு விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது நேரத்தை மாற்றிப் பதிந்தேன். என் கைக்கடிகாரத்தில் இருந்தது எந்த ஊர் நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காலை என்று நினைத்துப் பதிந்தது இங்கே மாலையாக இருந்தது. மாலையில் அவர்கள் முகாமுக்கு வந்தபோது நான் பேருந்தில் இருந்தேன்.

ஜெட் லாக் என்றால் கொஞ்சம் தூக்கக் கலக்கம் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு குத்து விடலாம் போல இருக்கும். உடம்பு ஒரு ஊரில், வயிறு ஒரு ஊரில், மூளை எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்குக் கொலைப்பசி பசிக்கும். சட்டியில் மிச்சமிருக்கும் மீன் குழம்பை நின்றபடியே வழித்துத் தின்பேன். சாயங்காலம் பயிற்சியில் எதிரில் இருப்பவளின் கை வருவது தெரியும். தலை விலக வேண்டும் என்பதும் தெரியும். விலகுவதற்குள் மூக்கில் விழுந்திருக்கும். எனக்குக் குத்துச்சண்டை சொல்லித்தரும் மாஸ்டர் சொல்வது ஒன்றுதான்: "வந்த அன்னிக்கே காலை வெயில்ல போய் நில்லு. பகல்ல மட்டும் படுக்காத." நானும் கடற்கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் போய் நிற்பேன். பின்னால் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்திலும் நின்றபடியே கண் சொருகும்.

இரண்டாவது தவறலுக்குப் பிறகு மாஸ்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "இனிமே ஒரே அட்ரஸ். எந்த ஊருக்குப் போய்ட்டு வந்தாலும் நீ கண்டிப்பா இருக்கிற எடம் எது?" நான் யோசிக்கவே இல்லை. எங்க வூடு. காலை ஆறிலிருந்து ஏழு. ஊருக்கு வந்தால் அந்த நேரத்தில் நான் வேறு எங்கே போகப்போகிறேன்? செல்போனில் பதிந்தேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இதை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் சோதனைக்காரர்கள் அதுவரை வந்ததே இல்லை. எப்போதும் முகாமில்தான். நைனாவுக்கும் அம்மாவுக்கும் அப்படி ஒரு ஜாதி மனிதர்கள் இருப்பதே தெரியாது. அது என் செல்போனுக்குள் நடக்கிற விஷயம் என்று இருந்துவிட்டேன். மடச்சி.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டத்துக்கு வருகிறேன்.

நைனா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். போனால் எட்டு நாள், பத்து நாள். அங்கே தூக்கம் என்று ஒன்று கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வலை இழுக்க எழுப்புவார்கள். கரைக்கு வந்ததும் ஒரு சோறு, ஒரு குளியல், பிறகு கட்டை மாதிரி விழுந்துவிடுவார். அந்தத் தூக்கத்தை எங்கள் தெருவில் யாரும் கலைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் மிக்ஸி போடமாட்டார்கள். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போவார்கள். கடலிலிருந்து வந்தவனை எழுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பகுதி உண்டு. படகு முதலாளிக்கு ஆள் குறைந்தால், நேற்று வந்தவனையே இன்றைக்குத் திரும்ப ஏற்றப் பார்ப்பார். முதலாளியின் ஆள் வீடு வீடாக வந்து, "இருக்காரா?" என்று கேட்பான். வீட்டுப் பெண்கள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "இல்ல" என்பார்கள். "பொன்னேரிக்குப் போய்கீறாரு, தங்கச்சி வூட்டுக்கு." உள்ளே ஆள் குறட்டை விடுவது வெளியே கேட்கும். வந்தவனுக்கும் தெரியும். ஆனால் இல்லை என்று சொன்ன பிறகு மேலே கேட்க மாட்டான். வாசலில் கிடக்கும் செருப்பை மட்டும் முதலிலேயே எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். செருப்பு வெளியில் கிடக்கும்போது இல்லை என்று சொல்வது வந்தவனை அவமதிக்கிற மாதிரி. அம்மா எனக்குச் சமையல் சொல்லித் தருவதற்கு முன்பே இதைச் சொல்லித் தந்துவிட்டாள்.

இந்தச் சலுகை எனக்குக் கிடையாது. போன மார்கழியில் நான் ஒரு போட்டியிலிருந்து திரும்பி வந்து, பகல் பன்னிரண்டு மணிக்குச் செத்தவள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தேன். நைனா வந்து டிவியை அலற விட்டார். ஃபேனை நிறுத்தினார். "வயசுப் பொண்ணு பகல்ல இன்னா தூக்கம்? எய்ந்துரு" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பாயிலிருந்து எழுந்து அப்படியே கத்தினேன்.

"நீ கடல்ல இருந்து வந்தா இந்தத் தெருவே வாயப் பொத்திகினு நடக்குது. நானும்தான் பத்து நாள் கய்ச்சி வந்துகீறேன். என்ன மட்டும் ஏன் பேஜார் பண்றே?"

"நீ ஏசில குந்திகினு போய் ஏசில குந்திகினு வர்றே. நான் அப்டியா?"

"குத்து வாங்குறது யாரு? ஏசியா வாங்குது? அங்க ராத்திரி, இங்க பகலு. எனக்கு எது இன்னான்னே தெரில. நானும் கடல்ல இருந்து வந்தவதான் நைனா. புரிதா உனக்கு?"

அவர் ரிமோட்டை எடுத்தார். டிவியை அணைத்தார். ஃபேனைப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் படுத்தேன்.

அந்த ஜெயிப்புக்குத்தான் இப்போது குளியலறை வாசலில் உட்கார்ந்து கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. அம்மா விடியும் முன்பே, தடையில்லாத சின்ன ஃபைபர் படகுகளின் மீனை ஏலம் எடுக்கப் போய்விடுவாள். நைனாதான் வீட்டில். நான் ஐரோப்பாவிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தேன். அங்கே நான் படுக்கும் நேரம் இங்கே விடியற்காலை மூன்றரை. அதுவரை கண்ணைத் திறந்துகொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரைக்குக் கண் மூடியது. ஐந்தே முக்காலுக்கு வைத்திருந்த அலாரம் எனக்குக் கேட்கவில்லை. நைனாவுக்குக் கேட்டிருக்கிறது.

"போனு கூவிகினே இருந்துச்சு. நீ பொரண்டு பட்த்தே. பாவமாப் பூட்ச்சு. எட்த்துகினு வந்து நிறுத்திட்டேன்" என்றார் நைனா. நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். குரலில் முதலிலிருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது.

வாசலில் கிடந்த என் ஷூவை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டதும், ஏதோ பாராட்டு விழாவுக்குக் கூப்பிட வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார். நான் பதக்கம் வாங்கியதிலிருந்து கடைத் திறப்பு, ஆண்டு விழா என்று யாராவது வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்களும் என்ன விஷயம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். நைனா இல்லை என்றார். அந்தப் பெண், "எங்க போயிருக்காங்க?" என்று கேட்டாள்.

"பொன்னேரிக்குப் போய்கீதுன்னேன்" என்றார் நைனா.

அவர்கள் போகவில்லை. எதிரே நின்றிருந்த ஆட்டோ பக்கத்தில் காத்திருந்தார்கள். ஆறரைக்கு மறுபடியும் வந்தார்கள். நைனா மறுபடியும் பொன்னேரி என்றார். ஏழு மணி ஆக இருந்தபோது அந்த ஆள் செல்போனை எடுத்து எனக்குப் போட்டிருக்கிறார். என் செல்போன் நைனாவின் சட்டைப் பையில் சுவிட்ச் ஆஃப் ஆகிக் கிடந்தது. நான் இருபது அடி தள்ளி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன். ஏழு அடித்ததும் அவள் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"போம்போது அந்தப் பொம்பள என்ன ஒரு மாறி பாத்துச்சு" என்றார் நைனா. பிறகு மெல்ல, "யாரு அவங்கோ?" என்றார்.

சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். தடை என்ற இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தினார்.

"தடைன்னா? அறுவத்தோரு நாளா?"

அவருக்குத் தெரிந்த தடை அது ஒன்றுதான். வருடா வருடம் வந்து, மீன் முட்டை போட்டு முடித்ததும் தானாகப் போய்விடும் தடை.

"ரெண்டு வருசம் வரைக்கும் போவும் நைனா" என்றேன். அவர் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து, டீ அவர் லுங்கியில் கொட்டியது. அதைத் துடைக்கவே இல்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ஆசியப் போட்டிக்கான தேர்வுக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. அதற்காக நான் மூன்று வருடமாக வயிற்றைக் கட்டி எடை குறைத்திருந்தேன்.

மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "வூட்லயே இருந்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வூட்லயே இருந்துட்டு..." என்று ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

அந்த வாரம் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். அப்பாவுக்குக் காது கேட்காது என்று எழுதிக்கொடு. அவருக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லை என்று டாக்டரிடம் கடிதம் வாங்கு. இந்தக் கடைசி யோசனையை நைனா முன்னாலேயே ஒருவர் சொன்னார். நைனா, "எய்திக் குடுக்கட்டும். எனக்கு இன்னா இப்போ?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் யோசனை சொன்னவரை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

விசாரணை வீடியோவில் நடந்தது. திரையில் மூன்று பேர், தமிழில் சொல்ல ஒருவர். நைனா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்காகப் பேசியவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், திரையிலிருந்த பெரியவர் ஒருவர் நைனாவிடமே கேட்டார். மகள் உள்ளே இருப்பது தெரிந்துதான் இல்லை என்று சொன்னீர்களா?

"ஆமா சார்."

ஏன்?

"கடல்ல இருந்து வந்துகீது சார். எய்ப்பக் கூடாது."

தமிழில் சொல்ல இருந்தவர் ஒரு நிமிடம் திணறினார். பிறகு எதையோ சொன்னார். பெரியவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, உங்கள் மகளும் மீன் பிடிக்கப் போகிறாரா என்று கேட்டார்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்ல சார். ஆனா அதுவும் அந்த மாறி வேலதான். நானு ரொம்ப நாளா அத்த வேலன்னே நெனைக்கல. வெளையாட்டுன்னு நெனைச்சிகினு இருந்தேன். இந்த வாட்டி ஏர்போட்ல இருந்து வந்து எறங்கும்போது அது மூஞ்சப் பாத்தேன். பத்து நாளு வல இழுத்தவன் மூஞ்சி சார் அது. தூங்கட்டும்னு வுட்டேன். தப்பு என்னுது. தடைய எனக்குப் போடுங்கோ."

குத்துச்சண்டைக்குப் போகாதே என்று ஒரு காலத்தில் கையுறையைக் கூரைமேல் எறிந்த மனிதர். இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்! அது வந்ததும் வந்தது, எனக்கு எதிராக எழுதிக்கொள்ளும் இடத்திலா வர வேண்டும்?

அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் மருந்து சாப்பிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டியது என் பொறுப்பு என்றார்கள். ஒரு வருடம் தடை. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வருடமாகத்தான் இருந்தது. தேர்வில் என் எடைப் பிரிவில் வேறொருத்தி ஜெயித்தாள். நல்ல பெண்தான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய்.

நைனாவோடு நான் பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை. மீன்பிடித் தடை முடிந்து அவர் கடலுக்குப் போனபோதும் பேசவில்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. தடையில் இருந்தாலும் சோதனை நிற்காது. திரும்பி வந்து ஆட வேண்டுமென்றால் அதே மாதிரி முகவரி, அதே மாதிரி நேரம் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். நானும் அதே வீட்டை, அதே ஆறிலிருந்து ஏழை விடாமல் பதிந்தேன்.

அந்தப் பயணத்திலிருந்து நைனா ஒன்பதாம் நாள் விடியற்காலை வந்தார். கண் இரண்டும் சிவந்து, உள்ளங்கை கிழிந்து, நிற்க முடியாமல் வந்தார். அம்மா சோறு போட்டுவிட்டு ஏலத்துக்குப் போனாள். அவர் படுத்தார். ஐந்தே முக்காலுக்கு என் அலாரம் அடித்து நான் எழுந்தபோது அவர் பாய் காலியாக இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

"நைனா, போய்ப் படு" என்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஏயி மணி ஆவட்டும்" என்றார்.

"அதான் நான் எய்ந்துட்டேன்ல?"

"நீ உள்ள இரு. நான் பாத்துக்குறேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கடலிலிருந்து வந்தவரை யாரும் எழுப்பவில்லை. அவரே எழுந்துகொண்டார். ஐப்பசியில் ஒரு நாள், லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவர் வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதே பெண் அதே பெட்டியோடு தெருமுனையில் திரும்பியிருக்கிறாள். அவள் எங்கள் வாசலுக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் நைனா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கீது! உள்ளதான் கீது! எங்கயும் போகல! ஏய், வாமே வெளிய, வந்துட்டாங்கோ!"

தெருவில் இருந்த அத்தனை கதவும் திறந்தது. கடலிலிருந்து வந்தவர்கள் இன்னும் நாலு பேர் அந்தத் தெருவில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை.

சோதனை முடித்து, கையெழுத்துப் போட்டு, அவர்களை அனுப்பிவிட்டு வந்து பார்த்தேன். நைனா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எழுப்பி உள்ளே கூட்டிப்போகலாம் என்று கையை நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன். தூறல் படாமல் ஒரு கோணியை மேலே கட்டினேன். நாற்காலிக்குக் கீழே கிடந்த அவர் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன்.

பத்து மணிக்குப் படகு முதலாளியின் ஆள் வந்தான்.

"நைனா இருக்காரா க்கா?"

"இல்ல. பொன்னேரிக்குப் போய்கீறாரு."

அவன் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நைனாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கீழே செருப்பு இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்தான்.

"சர்தான் க்கா, வந்தா சொல்லுங்கோ" என்று சத்தமில்லாமல் திரும்பி நடந்தான்.